பதினான்கு மாதம் தொடாதவன், ஊருக்கு வந்த மூன்றாம் நாள் குடித்தது ஏன்?

சிப்புட் அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து வரிசை வீடுகளை இடித்த பிறகு, பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அம்மாவோடு குடியிருக்கிறேன். என் தம்பிக்கு வயது 34. பத்தொன்பது வயதில் குலை வெட்டும் வேலைக்குப் போனபோது தொடங்கிய குடி, பிறகு அவன் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்தில், காலையில் கை நடுங்கும் அளவுக்கு முற்றிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்து, பிறகு சில வாரம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வைத்திருந்து, கடைசியில் மாமா அவனை ஜொகூருக்கு அழைத்துச் சென்று பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே 14 மாதங்கள் அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. மாமா சொன்னதை வைத்து மட்டும் இதை எழுதவில்லை. இரண்டு முறை நானே போய்ப் பார்த்தேன். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து, ஆளே மாறியிருந்தான்.

தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தான். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாலை அம்மா கொசுவர்த்தி வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். பழைய தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் ஒட்டுக்கடைக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், சிமெந்துத் தரையில் நான்கைந்து பிளாஸ்டிக் முக்காலிகள் கிடக்கும். ஒரு காலத்தில் ஆலையில் எடை போட்டுவிட்டு வந்து அவனும் அவன் கூட்டாளிகளும் உட்காருகிற இடம் அது. கொசுவர்த்தியை வாங்கிப் பணத்தையும் கொடுத்துவிட்டானாம். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு முக்காலியைத் தரையில் இழுத்த சத்தம் கேட்டதாம். "அக்கா, குடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, வாயில் எச்சில் ஊறியதுதான் முதலில் தெரிந்தது" என்று மறுநாள் சொன்னான். இரவு பதினோரு மணிக்கு இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். கொசுவர்த்திச் சுருள் சட்டைப் பையில் நொறுங்கிக் கிடந்தது.

அம்மா கண்ணேறு என்கிறார். மாமா, வைராக்கியம் இல்லாத பயல் என்று சொல்லிவிட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த மறுவாழ்வு இல்லத்திலோ, ஓராண்டு தாண்டிவிட்டால் மூளை பழையதை மறந்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒன்றில் சுகம் இருக்கிறது என்று கற்றுக்கொண்ட மூளைக்கு, கற்றதைக் கழற்றிப் போடவும் தெரியுமா? தெரியும் என்றால், அந்த 14 மாதங்களில் அது என்ன செய்துகொண்டிருந்தது? இனி அவனை ஜொகூருக்கே அனுப்பிவிடுவதா, இங்கே வைத்துக்கொள்வதா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். சுருக்கமான அறிவுரைகள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

ஈப்போ வாத்தியார் எழுதியது:

வணக்கம் அக்கா. கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த 14 மாதங்களில் உங்கள் தம்பியின் உடல் தேறியது, உறக்கம் திரும்பியது, கை நடுக்கம் நின்றது. ஆனால் முக்காலிச் சத்தம் கேட்டால் அடுத்து குடி வரும் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அவர் மூளை படித்து வைத்திருந்த பாடம் மட்டும் யாரும் கை வைக்காமல் அப்படியே இருந்தது. ஏன் என்று விளக்க, பாவ்லோவிடம் போக வேண்டும்.

ருஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ், மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டொலியைக் கேட்கச் செய்து உடனே உணவு கொடுக்க, சில முறைகளுக்குப் பிறகு ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு எச்சில் ஊறியது என்பது எல்லோரும் பள்ளியில் படித்த கதை. அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். ஒலியை மட்டும் எழுப்பி உணவைக் கொடுக்காமல் விட்டார். எச்சில் முறைக்கு முறை குறைந்து கடைசியில் வறண்டது. ஆங்கிலத்தில் எக்ஸ்டிங்ஷன் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அணைதல் என்போம். ஆனால் இந்தச் சொல் ஆளை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. நாயைச் சற்று நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி ஒலியைக் கேட்கச் செய்தபோது எச்சில் திரும்பி வந்தது. பழக்கமில்லாத வேறொரு சத்தம் குறுக்கே விழுந்தபோதும் வந்தது. 1927-இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய விரிவுரைகளிலேயே இவை பதிவாகியிருக்கின்றன. ஆகவே அங்கே எதுவும் அணைந்துவிடவில்லை. நம் ஊரில் நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் சரியான பெயர்.

இப்போது உங்கள் தம்பியிடம் வருவோம். நீறு பூக்க வேண்டுமானாலும் ஒலி கேட்க வேண்டும், உணவு வராமலிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து, பல முறை நடக்க வேண்டும். அந்த நாயை மெட்ரோனோமே இல்லாத வேறொரு வீட்டில் 14 மாதம் கட்டிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. பாசிர் கூடாங்கில் ரம்புத்தான் மரத்தடி இல்லை, எடை மேடை இல்லை, அந்தக் கூட்டாளிகள் இல்லை. குடிக்காமலிருப்பது வேறு, குடியின் அடையாளங்களைக் குடி இல்லாமல் எதிர்கொண்டு பழகுவது வேறு. முதலாவதை அவர் நன்றாகவே செய்தார். இரண்டாவதற்கு அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஓராண்டு தாண்டினால் மூளை மறந்துவிடும் என்று சொன்னவர்கள், காலம் கழிவதையும் பாடம் மாறுவதையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியிருக்கிறார்கள்.

காலம் போகப் போக ஏக்கம் தேய்ந்துகொண்டே வரும் என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. கொக்கெயினுக்குப் பழக்கிய எலிகளிடமிருந்து அதை நிறுத்திவிட்டு, அதன் அடையாளங்களைக் காட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் நேச்சர் இதழில் வந்தது. முதல் நாளைவிட 60-ஆம் நாளில் எலிகள் அதிகமாகத் தேடின. முட்டை அடைகாப்பதைப்போல ஏக்கம் உள்ளே இருந்து வளர்கிறது என்று ஆய்வாளர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். மனிதனும் எலியும் ஒன்றல்ல என்றாலும், பல வாரம் சும்மா இருந்தவர் முதல் வாரத்தைவிட ஆபத்தில்லாதவர் என்று யாரும் உறுதி கூற முடியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன். 1997-இல் ஷுல்ட்ஸ், தயான், மொன்டேகு என்ற மூவர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அதன் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. ஓர் அடையாளத்தைத் தொடர்ந்து சாறு வரும் என்று பழகியதும், துடிப்பு சாற்றை விட்டு அடையாளத்துக்கு இடம் மாறியது; சாறு வாயில் விழும்போது ஒன்றுமில்லை. அடையாளம் தோன்றியும் சாறு வராமல் போன அந்த நொடியில், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கம்தான் ஏமாற்றத்தின் கணக்கு. எதிர்பார்த்தது வரவில்லை, இனிக் குறைவாக எதிர்பார் என்று மூளைக்குக் கற்பிக்கிற ஆசிரியர் அதுவே. உங்கள் தம்பி முக்காலிச் சத்தத்தைக் கேட்டு, எச்சில் ஊறி, குடிக்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் அந்த இறக்கம் ஒரு முறை நடந்திருக்கும். 14 மாதத்தில் அது ஒரு முறைகூட நடக்கவில்லை.

சரி, பல முறை நடந்தால் பழைய பாடம் அழியுமா? பெரும்பாலும் அழிவதில்லை; அதன் மேல் புதிதாக இன்னொரு பாடம் எழுதப்படுகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் பல ஆண்டுகளாகக் காட்டி வருவது என்னவென்றால், முதல் பாடம் எந்த இடத்துக்குப் போனாலும் கூடவே வருகிறது, இரண்டாவது பாடமோ அது கற்கப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஒரு கூண்டில் பழக்கி, வேறொரு கூண்டில் அணைத்து, மறுபடி முதல் கூண்டில் விட்டால் பழைய நடத்தை எழுந்து நிற்கிறது. இதில் மூளையைக் குறை சொல்ல முடியாது. துரியான் மரத்தடிக்குப் போன ஒருவன், பருவம் தப்பிய மாதத்தில் நான்கு நாள் வெறுங்கையோடு திரும்பினான் என்பதற்காக, அந்த மரத்தில் பழம் உண்டு என்பதையே மறந்துவிட்டால் அடுத்த பருவத்தில் ஏமாறுவது அவன்தான். இப்போது இல்லை, இங்கே இல்லை என்று குறித்துக்கொள்வதே மூளைக்குப் பாதுகாப்பு.

அந்த இரண்டாவது பாடத்துக்கு மூளையில் தனி இடமும் இருக்கிறது. எலிகளில் அது முன்மூளைப் புறணியின் அடிப்பகுதியில் இருக்கும் இன்ஃப்ராலிம்பிக் என்ற பகுதியைச் சார்ந்தது. கொக்கெயினைத் தேடுவதை நிறுத்திவிட்டிருந்த எலிகளில் அந்தப் பகுதியைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தபோது, அவை மறுபடி தேடத் தொடங்கின என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. பழையது அழிந்திருந்தால் தேட என்ன இருந்திருக்கும்?

கடைசியாக, குடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று அவர் சொன்னதை நம்புங்கள். பிடித்திருப்பதும் நாடுவதும் மூளையில் இரு வேறு வழிகளில் ஓடுகின்றன என்று ராபின்சனும் பெரிட்ஜும் 1993-இலேயே எழுதினார்கள். பழக்கம் முற்ற முற்ற நாட்டம் மட்டும் தனியாக வளரும். விருப்பம் அதோடு வளர வேண்டியதில்லை, அறிவுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

தோட்டத்து டிரஸர் எழுதியது:

முப்பது ஆண்டுகள் தோட்ட மருத்துவமனைகளில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படிக்கிறவர்கள், ஜொகூரில் கழித்த காலம் வீண் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையானார்கள். 1971-இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. பழக்கம் பிறந்த இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் பலரும் இதை விளங்கிக்கொள்கிறார்கள். சிப்பாய்க்கு வியட்நாமுக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை. உங்கள் தம்பிக்கு அம்மா இருப்பது சுங்கை சிப்புட்டில். வேறுபாடு அவ்வளவுதான். இடம் மாற்றுவது பயன் தரும்; வருடத்துக்கு இரண்டு முறை திரும்பி வருகிறவனுக்கு அது மட்டும் போதாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். 14 மாதம் குடிக்காத உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இல்லை. ஆனால் கைக்குப் பழைய அளவுதான் தெரியும். இடத்துக்கும் தாங்கு சக்திக்கும் இருக்கும் உறவை ஷெப்பர்ட் சீகல் என்ற கனடிய ஆய்வாளர் 1982-இல் எலிகளை வைத்துக் காட்டினார். ஹெரோயினுக்குப் படிப்படியாகப் பழகிய எலிகளுக்கு, பழகிய அதே அறையில் பெரிய அளவைக் கொடுத்தபோது 32 விழுக்காடு இறந்தன. பழகாத அறையில் அதே அளவைக் கொடுத்தபோது 64 விழுக்காடு இறந்தன. பழக்கமே இல்லாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. பழகிய இடத்தின் அடையாளங்களைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே எதிர் ஏற்பாடு செய்துகொள்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். போதைப்பொருள் வழக்கமுள்ளவர்கள் சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளிவந்த சில நாள்களில் இறந்துபோவதை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. தம்பி மறுபடி நாள்தோறும் குடிக்கத் தொடங்கியிருந்தால், ஒரே நாளில் நிறுத்தும்படி மிரட்டாதீர்கள். நீண்ட நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தீபாவளிக்கு மறு வாரம் இப்படி வந்த நோயாளிகளை நான் எண்ணி மாளாது. மருத்துவரிடம் போவது கேவலம் இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நம் மக்கள் சிரிப்பார்கள். 1911-இலிருந்து இருக்கிற அந்த மனநல மருத்துவமனையைக் கேலிக்குப் பயன்படுத்திய அளவுக்கு நாம் சிகிச்சைக்குப் பயன்படுத்தியதில்லை.

ஒட்டுப்பால் எழுதியது:

அக்கா, நான் படித்தவன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். 11 ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறேன். அதே தோட்டம், அதே வீடு. வாத்தியார் எழுதியதை இரண்டு முறை படித்ததும், எனக்கு நடந்தது என்ன என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

எனக்கு முக்காலிச் சத்தம் இல்லை. என் கை. ஒட்டுப்பாலின், அதாவது மரத்தில் உறைந்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பாலின், நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நக இடுக்கில் நிற்கும். நான் கை கழுவும் பொறுமைகூட இல்லாமல் வெட்டு முடிந்த கையோடு குடித்தவன். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த நாற்றமும் கூடவே வரும். ஆகவே குடியை விட்ட பிறகு, என் கையை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாலே தொண்டை வறளும். கையை எந்த ஊருக்கு அனுப்பி வைப்பது? ஆனால் கேளுங்கள், அது இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிட்டது. தினமும் காலையிலிருந்து மதியம் வரை அந்த நாற்றம், குடி இல்லை. நாற்றம், குடி இல்லை.

அடங்காமல் நின்றது சம்பள உறை. உறையின் ஸ்டேப்ளர் முள்ளை நகத்தால் நெம்பிப் பிரிக்கும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் வயிறு கலங்கும். முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடமும்கூட. என் பலவீனம் என்று நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்: கையின் நாற்றத்துக்கு ஒரு மாதத்தில் இருபத்தைந்து தடவை பாடம் நடந்திருக்கிறது, சம்பள உறைக்கு வருடம் முழுவதுமே பன்னிரண்டு தடவைதான். அந்த மூன்று வருடமும் உறையை என் மனைவிதான் போய் வாங்கி வந்தாள்; நான் அவள் எதிரில் உட்கார்ந்து பிரிப்பேன்.

நான்காம் வருடம் கூலிமில் மச்சானுடைய கருமாதிக்குப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லைப்புறத்தில் ஆண்கள் கூடினார்கள். கருமாதி வீட்டில் குடிக்காமல் உட்கார்ந்த பழக்கம் எனக்கு ஒரு தடவையும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேருந்து நிலையம் வரை நடந்தே போய்விட்டேன். செருப்பை மறந்து வந்துவிட்டேன், மச்சானுடைய மகன்தான் அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தான்.

தம்பிக்கு ஒரே ஒரு விஷயம் சொல்வேன். அடையாளத்தை எதிர்கொள்ள வேண்டும் என்று படித்துவிட்டு, எனக்குப் பலம் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று அவர் தனியாக அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது. நானும் அப்படிப் போனவன்தான். ஐந்து தடவை ஜெயித்து ஆறாவது தடவை விழுந்தால், அந்த ஐந்தும் போகும், மேலே வட்டியும் ஏறும். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களைப் பாருங்கள்; இருபது வருடத்துக்கு முன் ஒரு தடவை அடித்த எண்ணை இன்றைக்கும் எடுக்கிறார்கள். எப்போதும் கிடைத்தது நின்றுபோனால் மனது சீக்கிரம் விடும், எப்போதாவது கிடைப்பதைத்தான் விடாது.

கம்பார் மாணவி எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பழைய நினைவின் மேல் புதிய பாடம் எழுதுவதற்குப் பதிலாக, பழையதையே திருத்த முடியும் என்று சீனாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் அழிக்கவும் முடியும்தானே?

ஈப்போ வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. நீங்கள் சொல்வது 2012-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வாக இருக்க வேண்டும். ஒரு நினைவைத் தட்டி எழுப்பினால், மறுபடி இறுகுவதற்கு முன் அது சிறிது நேரம் நெகிழ்ந்திருக்கும் என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து பலரும் ஆராயும் கருத்து. ஹெரோயினை நிறுத்தியிருந்த சிலருக்கு அதன் அடையாளங்களைச் சில நிமிடம் காட்டி நினைவை எழுப்பி, 10 நிமிடம் கழித்து அணைக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஏக்கம் ஆறு மாதம் கழித்தும் குறைவாகவே இருந்தது. ஆறு மணி நேரம் தாமதித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அவர்கள் அளந்தது மருத்துவமனைக்குள் எழுந்த ஏக்கத்தை. வீடு திரும்பியவர் மறுபடி தொட்டாரா என்பது வேறு கேள்வி. இதே முறையைப் பிறர் செய்து பார்த்தபோது முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வரவும் இல்லை. ஆகவே அழித்துவிட்டோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒட்டுப்பால் அண்ணன் எழுதியதை அடுத்த பருவத்தில் என் வகுப்பில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும். ஆய்வாளர்கள் அறைக்குள் வைத்துச் செய்து பெரும்பாலும் தோற்றதை அவர் வீட்டில் வைத்துச் செய்து வென்றிருக்கிறார். குடியின் அடையாளங்களைச் சிகிச்சை அறையில் திரும்பத் திரும்பக் காட்டும் முறை முன்பு பரவலாக முயலப்பட்டது. 2002-இல் காங்க்லின், டிஃபனி என்ற இருவர் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை. சிகிச்சை அறையில் கற்ற பாடம் அறையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், பியர் குடிப்பவர்களுக்கு ஓர் அறையில் ஏக்கத்தை அடக்கப் பழக்கிவிட்டு வேறோர் அறைக்கு அழைத்துச் சென்றதும் ஏக்கம் திரும்பியது. முதல் அறையை நினைவூட்டும் பொருளை உடன் வைத்தபோது அது குறைந்தது. அக்கா, தம்பி அந்த முச்சந்தியைக் கடக்கப் பழகும் நாள்களில் ஒரே ஆள் உடன் போவதும், ஒரே குடையைக் கொண்டுபோவதும் வேடிக்கையாகத் தோன்றினாலும் வீண் அல்ல. வேறு வேறு நேரங்களிலும் வேறு வேறு கடைகளிலும் பழகட்டும். ஒரே இடத்தில் கற்ற பாடம் கூலிமில் கைவிட்டதை நீங்களே படித்தீர்கள்.

சிப்புட் அக்கா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. தம்பி தைப்பூசத்துக்குப் பிறகு மேலும் நான்கு நாள் குடித்தான். டிரஸர் ஐயா சொன்னபடி மிரட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம், மருந்தின் துணையோடு குடியை நிறுத்தினான். மருத்துவர் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையைப் பற்றியும் பேசினார். அது என்ன செய்யும் என்று ஐயா ஒரு வரியில் சொன்னால் நலம். ஜொகூர் வேலை போகவில்லை, விடுப்பை நீட்டித் தந்திருக்கிறார்கள். மாத இறுதியில் போவான், ஆனால் இனி மாதம் ஒரு முறை வருவான், வரும்போதெல்லாம் மாமாவோடு முச்சந்தி வரை நடப்பான் என்று முடிவாகியிருக்கிறது. மாமாவுக்கு இந்த இழை முழுவதையும் நான் படித்துக் காட்டினேன். துரியான் மர உதாரணம் வந்தபோது மட்டும் தலையை ஆட்டினார்.

தோட்டத்து டிரஸர் எழுதியது:

ஒரு வரி போதாது, இரண்டு வரி தருகிறேன். குடித்ததும் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் தருகிற சுகத்தை அந்த மாத்திரை மறித்துவிடும். ஆகவே தவறிப் போய்க் குடித்தாலும் எதிர்பார்த்த பரிசு முழுதாக வராது, வாத்தியார் சொன்ன அந்த இறக்கம் நடக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் குடிநோய்க்கு 1994-இலிருந்து அனுமதி பெற்ற மருந்து இது. கல்லீரலைச் சோதித்த பிறகே கொடுப்பார்கள். அபின் வகை வலி மாத்திரையோ, ஹெரோயினை விடக் கொடுக்கும் மெதடோனோ எடுப்பவர்கள் தொடவே கூடாது, மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

சிப்புட் அக்கா எழுதியது:

நன்றி ஐயா. நேற்று தம்பி என் கைத்தொலைபேசியை வாங்கி இதையெல்லாம் தானே படித்தான். பிறகு பழைய எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தன்னுடைய அடையாளங்களை வரிசையாக எழுதி என்னிடம் கொடுத்தான். முக்காலிச் சத்தம். ஆலையில் எடை மேடையை விட்டு லோரி இறங்கும்போது வரும் குலுக்கல். வறுத்த நெத்திலியின் வாசனை. மாலை ஆறு மணி. சனிக்கிழமை மழை. நாகேந்திரன் கடை விளக்கு என்று எழுதிவிட்டு, பெயரை மட்டும் அடித்திருந்தான். ஏழாவதாக எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்: அக்கா கத்துவது.

நாளை மாலை ஆறு மணிக்கு மாமாவும் அவனும் குடையை எடுத்துக்கொண்டு கொசுவர்த்தி வாங்கப் போகிறார்கள். நானும் கூட வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.